என்னைத் திருடுபவன் குருடாவான்

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலைத் தாண்டினால் வேலப்பன்சாவடி வரும். சவீதா பல் மருத்துவக் கல்லூரி, ஏ.சி.எஸ். மருத்துவக் கல்லூரி இரண்டும் இங்கேதான். பக்கத்திலேயே பொறியியல் கல்லூரிகளும் உண்டு. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் மாணவர்களின் நோட்டைப் பிரித்தால் ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா, தீட்டா, லாம்டா, மியூ, பை, சிக்மா, ஒமேகா என்று கிரேக்க எழுத்துகள் இறைந்து கிடக்கும். மொத்தமுள்ள 24 எழுத்துகளில் பாதியைப் பிளஸ் டூ கணக்கும் இயற்பியலுமே பழக்கிவிடுகின்றன. ஆனால் அவற்றை யாரும் எழுத்துக்கூட்டி வாசிப்பதில்லை. கோணத்துக்குத் தீட்டா, அலைநீளத்துக்கு லாம்டா என்று குறியீடுகளாகவே நின்றுவிட்டவை அவை.

அந்தப் பாதி எழுத்தறிவை வைத்துக்கொண்டே, 2,600 ஆண்டுகளுக்கும் முந்தைய ஒரு வாக்கியத்தை ஒரே மாலையில் வாசித்துவிடலாம். அது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் ஒரு சிறிய எண்ணெய்க் குடுவையின் உடம்பைச் சுற்றிக் கீறப்பட்டிருக்கிறது. குடுவை கிடைத்த இடம் கூமே. இத்தாலியில் இன்றைய நேப்பிள்ஸ் நகருக்கு அருகே, ஏஜியன் கடலின் யுபோயா தீவிலிருந்து வந்தவர்கள் அமைத்த கடலோரக் குடியேற்றம் அது. காலம் கி.மு. ஏழாம் நூற்றாண்டு. குடுவையே பேசுகிறது: தான் தாத்தாயே என்பவளின் குடுவை என்றும், தன்னைத் திருடுபவன் குருடாகப் போவான் என்றும் அது எச்சரிக்கிறது. பாத்திரத்தில் பேர் வெட்டி வைக்கும் வழக்கமுள்ள ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாபம் மட்டும்தான் கூடுதல்.

பத்துச் சொற்களைத் தாண்டாத இந்த ஒற்றை வரியில் ஒரு தொடக்கப் பாடப்புத்தகத்தின் முதல் சில அத்தியாயங்கள் அடங்கியிருக்கின்றன. ‘தாத்தாயேஸ்’ என்றால் தாத்தாயேயுடைய. ‘எமி’ என்றால் இருக்கிறேன். ‘லேகுதோஸ்’ குடுவை. ‘ஹோஸ்’ என்பது எவன், ‘மே’ என்பது என்னை, ‘கிலெப்ஸேய்’ திருடுவது. கிளெப்டோமேனியா என்ற மனநோயின் பெயர் படித்த மருத்துவ மாணவர்களுக்கு இந்த வேர் ஏற்கெனவே தெரியும். ‘துஃப்லோஸ்’ குருடன், ‘எஸ்தாய்’ ஆவான். பெயர்ச்சொல், வினைச்சொல், நிகழ்காலம், எதிர்காலம், சுட்டு, வேற்றுமை எல்லாம் ஒரு கைப்பிடிக் குடுவையில்.

பண்டைக் கிரேக்கத்தைக் கற்பிக்கும் வழக்கமான வழி வேறு. ஏதென்ஸ் நகர வழக்கின் இலக்கணத்தை எடுத்து, ‘அவிழ்க்கிறேன்’ என்ற வினையின் வாய்பாட்டைப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்யவைத்து, இரண்டு ஆண்டு கழித்துச் செனஃபோனையோ பிளேட்டோவையோ கையில் கொடுப்பார்கள். கல்வெட்டு வழியாகப் போகிறவர் நுழைகிற வாசல் ஆறாம் வேற்றுமை. பானை யாருடையது, காசு யாருடையது, கடிதம் யாருடையது, கல்லறை யாருடையது என்பதையே கல்லும் ஓடும் முதலில் சொல்கின்றன. பள்ளியில் ‘கிழமைப் பொருள்’ என்று படித்துவிட்டு மறந்துபோன பாடம் இங்கே உதவிக்கு வருகிறது. தமிழில் எட்டு வேற்றுமை என்றால் பண்டைக் கிரேக்கத்தில் ஐந்துதான். குறைவாக இருக்கிறதே என்று மகிழ வேண்டாம். நம் ஐந்தாம் வேற்றுமையின் நீங்கல் பொருளையும் அங்கே ஆறாம் வேற்றுமையே சுமக்கிறது. நான்காம் வேற்றுமை மூன்றுக்கும் ஏழுக்கும் சேர்த்து உழைக்கிறது. தமிழில் யாருடைய பெயரோடும் ‘உடைய’ சேர்த்தால் போதும். கிரேக்கத்தில் பெயரின் பாலையும் ஈற்றையும் பார்த்து ‘ஏஸ்’, ‘ஊ’, ‘ஓஸ்’ என்று உருபு மாறும்.

கடலோரக் குடியேற்றங்களில் இத்தகைய எழுத்து நிறையக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. கி.மு. எட்டாம் நூற்றாண்டிலிருந்து கிரேக்கர்கள் கருங்கடல் கரையிலிருந்து ஸ்பெயின் வரை நூற்றுக்கணக்கான இடங்களில் குடியேறினார்கள். மிலேத்தஸ் நகரத்தார் கருங்கடலுக்கும், ஃபொக்காயா நகரத்தார் இன்றைய பிரான்சின் மார்செய்க்கும், தேரா தீவினர் லிபியாவின் சிரீனுக்கும் போனார்கள். ஒவ்வொரு கூட்டமும் தன் ஊர்ப் பேச்சையும் தன் ஊர் எழுத்தையும் மூட்டையோடு கட்டிக்கொண்டு போனது. அந்நியர் நடுவில் வாழ்ந்தவர்கள் அவர்கள். தன் பொருள், தன் கடவுள், தன் ஒப்பந்தம் எல்லாவற்றிலும் பெயரெழுதும் தேவை அவர்களுக்கு இருந்தது.

இதனால் கற்பவருக்கு ஒரு சங்கடமும் உண்டு. பாடப்புத்தகக் கிரேக்கத்தில் ‘எய்மி’ என்றிருப்பது கூமே குடுவையில் ‘எமி’ என்றிருக்கும். எ, ஏ, எய் மூன்றுக்கும் அந்த ஊரில் ஒரே எழுத்து. ஒ, ஓ இரண்டுக்கும் அப்படியே. தமிழருக்கு இது புதிதல்ல. ஓலையில் புள்ளி வைக்காமல் எழுதிய காலத்தில் எகரமும் ஏகாரமும் பார்வைக்கு ஒன்றாகத்தான் இருந்தன. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வடிவத்தை மாற்றிய பிறகே குழப்பம் தீர்ந்தது. ஏதென்ஸ் நகரம் நெடிலுக்குத் தனி எழுத்துகள் கொண்ட அயோனிய எழுத்துமுறையை அரசுமுறையாக ஏற்றது கி.மு. 403இல். அதற்கு முந்தைய கல்லை வாசிப்பவர், பழைய ஏட்டை வாசிக்கும் தமிழ்ப் புலவரைப் போல, எது குறில் எது நெடில் என்பதைச் சூழலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். புள்ளியில்லாத, சொல்லுக்குச் சொல் இடைவெளி விடாத கல்வெட்டுகளைப் படித்துப் பழகிய தமிழகத் தொல்லியல் மாணவருக்கு, ஐரோப்பிய மாணவரைவிட இதில் கொஞ்சம் முன்தொடக்கம் உண்டு என்றே சொல்லலாம்.

எழுத்தின் வடிவமும் ஊருக்கு ஊர் மாறியது. இன்றைய கிரேக்கத்தில் பெருக்கல் குறி போன்ற எழுத்துக்கு ‘க்ஹ’ ஒலி. யுபோயாக்காரர்களிடம் அதே வடிவத்துக்கு ‘க்ஸ’ ஒலி. கூமேயிலிருந்தும் அதன் அண்டைத் தீவான இஸ்கியாவிலிருந்தும் அந்த முறையை இத்தாலியில் வாழ்ந்த எத்ருஸ்கர்கள் கற்றார்கள், அவர்களிடமிருந்து ரோமானியர்கள் கற்றார்கள். செல்போன் விசைப்பலகையில் எக்ஸ் என்ற எழுத்துக்கு இன்று ‘க்ஸ்’ ஒலி இருப்பது அந்த வழியாக வந்தது. தாத்தாயேயின் குடுவையில் ‘லேகுதோஸ்’ என்பதற்கு இட்டிருக்கும் ககரம் பிற்காலக் கிரேக்கம் கைவிட்ட எழுத்து. ஆங்கிலத்தில் ‘க்யூ’ ஆக அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

அதே குடுவையில் ஓர் எழுத்துப்பிழை இருக்கிறது. குருடனுக்கு வழக்கமான வடிவம் வல்லொலி தகரத்தில் தொடங்கும் ‘துஃப்லோஸ்’. கீறியவரோ தீட்டாவில் தொடங்கியிருக்கிறார். அடுத்து வரும் மூச்சொலியின் பாதிப்பில் முதல் எழுத்தும் மூச்சொலியாகிவிட்டது. பேசியபடி எழுதியிருக்கிறார் என்று இதிலிருந்து தெரிகிறது. திருத்தமாக அச்சிட்ட புத்தகத்தில் இந்த ஒலி காதில் விழாது.

குடுவையைத் தாண்டியதும் அடுத்த வகுப்பு ஈயத்தகடு. கருங்கடலில், இன்றைய உக்ரைன் கரையை ஒட்டிய பெரசான் தீவில் 1970இல் சுருட்டிய ஈயத்தகடு ஒன்று கிடைத்தது. பிரித்துப் பார்த்தால் கடிதம். கி.மு. ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அகில்லொதோரோஸ் என்ற வணிகர் தன் மகன் புரோத்தகோரஸுக்கு எழுதியது. மத்தாசிஸ் என்பவன் அவருடைய சரக்கைப் பறித்துக்கொண்டான், அவரையே அடிமையாக்கப் பார்க்கிறான். இவர் அனக்சகோரஸ் என்பவருடைய அடிமை, அனக்சகோரஸ் எனக்குத் தர வேண்டியதற்கு இவரைப் பிடித்துக்கொள்கிறேன் என்பது அவன் வாதம். போய் அனக்சகோரஸிடம் சொல், அம்மாவையும் தம்பிகளையும் நகரத்துக்கு அழைத்துப் போ என்று அப்பா பரபரக்கிறார்.

இலக்கணத்தைப் பார்த்தால் அந்தப் பரபரப்பு இன்னும் நன்றாகத் தெரியும். ‘உன் அப்பா உனக்குச் சொல்லியனுப்புகிறார்’ என்று தன்னையே படர்க்கையில் வைத்துத் தொடங்குகிறார். அப்புறம் அவன் இவனை, இவன் அவனை என்று சுட்டுப்பெயர்கள் முட்டிக்கொள்கின்றன. யார் யாரிடம் எதைப் பிடுங்கினார் என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே வழக்கு ஓய்ந்தபாடில்லை. தகட்டின் வெளிப்பக்கத்தில், நம் கடித உறையின் முகவரிபோல, இது அகில்லொதோரோஸின் ஈயம், மகனுக்கும் அனக்சகோரஸுக்கும் என்று எழுதியிருக்கிறது. மறுபடியும் ஆறாம் வேற்றுமை. கிரேக்க மொழியில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய கடிதங்களில் இது ஒன்று. தத்துவத்தைவிட வழக்கு வம்பில் மொழி வேகமாக மனதில் ஏறும் என்று கருதும் ஆசிரியருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

பிரான்சின் தென்கரையில் பெக் மாஹோ என்ற இடத்தில் கிடைத்த இன்னொரு ஈயத்தகடு கி.மு. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒரு பக்கம் எத்ருஸ்க மொழி, மறுபக்கம் கிரேக்கம். ஸ்பெயின் கரையிலிருந்த எம்போரியோன் குடியேற்றத்தாரிடம் படகு வாங்கியது, அதில் பங்கு, முன்பணம் எங்கே எப்போது கைமாறியது, சாட்சிகள் யார் யார் என்று ஒரு பத்திரம் அது. சாட்சிகளின் பெயர்களில் பல கிரேக்கப் பெயர்களே அல்ல, உள்ளூர் ஐபீரியப் பெயர்கள். முன்பணத்துக்கு அதில் வரும் சொல் ‘அர்ரபோன்’.

அந்தச் சொல்லைச் சென்னையில் ஏற்கெனவே தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பண்டைக் கிரேக்கம் கற்கும் மரபு மூன்று நூற்றாண்டாக இறையியல் பள்ளிகள் வழியாகவே வந்திருக்கிறது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்திலிருந்து தமிழாக்கினார். 1715இல் அது அச்சில் முழுமை பெற்றது. பிறகு சென்னை வேப்பேரியில் பல ஆண்டுகள் வாழ்ந்த ஃபப்ரீசியஸ் அதே மூலத்தோடு மல்லுக்கட்டிப் புதிதாக மொழிபெயர்த்தார். வேலப்பன்சாவடியிலிருந்து சென்ட்ரலுக்குப் போகிறவர்கள் கடந்துபோகும் அதே வேப்பேரிதான். கீழ்ப்பாக்கத்தின் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி, மதுரை அரசரடியின் தமிழ்நாடு இறையியல் கல்லூரி போன்ற இடங்களில் அந்தப் படிப்பு இன்னும் தொடர்கிறது. பவுலின் நிருபங்களில் ‘அர்ரபோன்’ வரும் இடத்தில் தமிழ் வேதாகமம் ‘அச்சாரம்’ என்று போட்டிருக்கிறது. பெக் மாஹோவின் படகு வியாபாரி அந்த மொழிபெயர்ப்பை மறுக்கமாட்டார்.

இறையியல் மாணவர்கள் கற்பது ‘கொய்னே’ எனும் பொதுக் கிரேக்கம். அலெக்சாந்தருக்குப் பிறகு எகிப்து முதல் ஆப்கானிஸ்தான் வரை பரவியது. நம் கடலோரத்துக்கு மிக அருகே வந்த கிரேக்கமும் அதுவே.

தமிழகக் கரையில் கிரேக்கக் குடியேற்றம் எதுவும் இருக்கவில்லை. அரிக்கமேட்டை அப்படிச் சொல்லும் ஆர்வம் முன்பு இருந்தது. அங்கே 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது கிடைத்த இத்தாலியச் சிவப்புக் கலங்களும், கிரேக்கத் தீவான கோஸ் பகுதி வகை மதுச்சாடி ஓடுகளும் வணிகத்துக்குச் சான்று, குடியேற்றத்துக்கு அல்ல. அரிசி, இஞ்சி என்று சில சொற்களைக் காட்டி இரு மொழிக்கும் உறவு கொண்டாடும் பேச்சும் மேடைகளில் அடிக்கடி கேட்கும். சுவையான செய்திதான், ஆனால் அதனால் ஒருவருக்கு ஒரு வரிகூட வாசிக்க வராது. வாசிக்க விரும்புகிற தமிழர் கடலின் எதிர்க்கரைக்குப் போக வேண்டும்.

எதிர்க்கரையில் பெரெனிகே இருக்கிறது. எகிப்தின் செங்கடல் கரையில், இரண்டாம் தாலமி கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அமைத்துத் தன் தாயின் பெயரைச் சூட்டிய துறைமுகம். ஸ்டீவன் சைட்பாதம் குழுவினர் 1994 முதல் அங்கே அகழாய்வு செய்துவருகிறார்கள். கோயில் வளாகத்தில் இந்தியத் தாழி ஒன்றில் ஏழரைக் கிலோ கருமிளகு அப்படியே கிடைத்தது. ‘கொற்றன்’ என்று தமிழ்-பிராமியில் பெயர் கீறிய ஓடும் கிடைத்தது. கற்பவருக்கு இவற்றைவிட உதவக்கூடியவை அங்கே குப்பையில் கிடந்த ஒட்டாஞ்சில்லுகள். மையால் எழுதிய சுங்கச் சீட்டுகள் அவை. அனுப்புகிறவர் பெயர், சுங்க வாயில் பொறுப்பாளர்களுக்கு வணக்கம், இன்னாருக்காக இத்தனை சாடி மதுவைப் போகவிடுங்கள் என்று எல்லாம் ஒரே அச்சு. பெயரும் எண்ணிக்கையும் மாறும், வாக்கியம் மாறாது. பத்துச் சீட்டு வாசித்தால் பதினொன்றாவது தானாக வாசிக்க வரும். நான்காம் வேற்றுமையும் ஏவல் வினையும் இப்படித் திரும்பத் திரும்பக் காதில் விழும் பாடம் வேறெங்கும் கிடையாது.

அதே கரையில் சற்று வடக்கே குசேர் அல்-காதிம். அங்கே கிடைத்த ஓடுகளில் ‘கணன்’, ‘சாதன்’ என்ற தமிழ்ப் பெயர்களும், ‘பானை ஒறி’ (உறி) என்று ஐராவதம் மகாதேவன் வாசித்த எழுத்தும் உள்ளன. ஐ.ஏ.எஸ். அதிகாரியாகவும் தினமணி ஆசிரியராகவும் இருந்த மகாதேவன் (1930–2018), இத்தகைய ஓரிரு சொல் ஓடுகளையும் குகைக் கல்வெட்டுகளையும் வரி வரியாக ஆராய்ந்தே 2003இல் தொடக்காலத் தமிழ்க் கல்வெட்டுகள் பற்றிய பெருநூலை எழுதினார். துண்டு எழுத்திலிருந்து ஒரு மொழியின் பழைய நிலையை எவ்வளவு தூரம் மீட்க முடியும் என்பதற்கு நம்மிடமே இருக்கும் முன்மாதிரி அந்த உழைப்பு.

நைல் பக்கம் இன்னொரு செய்தி. லக்சருக்கு எதிரே அரசர்களின் பள்ளத்தாக்கில் ஃபாரோக்களின் கல்லறைகளைக் கிரேக்கர்களும் ரோமானியர்களும் சுற்றிப்பார்க்க வருவார்கள். வந்தவர்கள் சும்மா போகவில்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிரேக்கக் கிறுக்கல்களைப் பிரெஞ்சு அறிஞர் ஜூல் பையே 1920களில் தொகுத்து வெளியிட்டார். பெரும்பாலும் பெயர், அதன் பின் ‘கண்டேன்’ அல்லது ‘கண்டு வியந்தேன்’. இன்றும் மலைக்கோட்டைச் சுவர்களில் பேர் கிறுக்குகிறவர்களின் முன்னோர். 2026 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்க் கல்வெட்டியல் மாநாட்டில் ஷார்லொட் ஷ்மிட், இங்கோ ஷ்டிராவுக் இருவரும் அந்தக் கல்லறைகளில் ஏறத்தாழ முப்பது இந்தியக் கிறுக்கல்களை அடையாளம் கண்டதாக அறிவித்தார்கள். பாதிக்கு மேல் தமிழ்-பிராமி. ‘சிகை கொற்றன்’ என்ற ஒருவர் மட்டும் எட்டு இடங்களில் தன் பெயரைப் பொறித்திருக்கிறார். ‘வந்து கண்டான்’ என்ற பொருள்படும் வாசகமும் அவற்றில் உண்டு.

சுவர் முழுக்கக் கிரேக்கர்கள் ‘கண்டேன்’ என்று எழுதிவைத்த இடத்தில் தமிழ்க்காரர் ‘கண்டான்’ என்று எழுதுகிறார். கிரேக்கக் கல்வெட்டு நடையை முதலில் பார்த்துப் படித்த தமிழர் என்று இவர்களில் ஒருவரைச் சொல்லத் தோன்றுகிறது. நிரூபிக்க முடியாத ஊகம்தான். ஆனாலும் இரண்டு வரிகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் மாணவருக்குக் கிரேக்க இறந்தகால வினை மறக்காது.

செங்கடல் வாய்க்கு வெளியே, சொகோத்ரா தீவின் ஹோக் குகையிலும் இப்படிப்பட்ட கூட்டம் உண்டு. இருநூறுக்கும் மேற்பட்ட கிறுக்கல்கள், பெரும்பாலும் பிராமியில் இந்தியக் கடலோடிகளின் பெயர்கள். நடுவே சில கிரேக்க வரிகள். அவற்றில் ஒருவர் செப்திமியோஸ் பனிஸ்கோஸ், தொழில் ‘நௌக்ளேரோஸ்’, அதாவது கப்பல்காரர். ரோமானியக் குடும்பப் பெயர், எகிப்தியக் கிரேக்கச் சொந்தப் பெயர், கிரேக்கத் தொழிற்பெயர். எழுத்துக்கூட்டத் தெரிந்தால் போதும், ஆள் யாரென்று பாதி புரிந்துவிடும்.

முசிறி ஆவணத்தைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். வியன்னாவில் உள்ள அந்தப் பாப்பிரஸ் 1985இல் வெளியிடப்பட்டது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒரு பக்கம் முசிறிப் பயணக் கடன் ஒப்பந்தம். மறுபக்கம் ‘ஹெர்மபொல்லோன்’ என்ற கப்பலில் வந்த சரக்கின் கணக்கு. அறுபது கொள்கலன் கங்கைச் சடாமாஞ்சி, தந்தம், அதற்கான சுங்கம் என்று நீள்கிறது. ஆசையோடு அதில் இறங்கும் தொடக்கநிலை மாணவர் சோர்ந்துபோவார். வேகமாக எழுதிய கூட்டெழுத்து, கணக்கப்பிள்ளைச் சுருக்கங்கள், கிழிந்த ஓரம். கல்லில் பெரிய எழுத்துகளோடு பழகிய கண்ணுக்கு அது வேறு உலகம். முதல் ஆண்டில் தொடக்கூடாத ஆவணம் என்பதே நேர்மையான அறிவுரை.

அதைவிட எளிய ஆவணம் காசு. வடமேற்கு இந்தியாவை ஆண்ட மெனாந்தர் (பௌத்த நூலில் வரும் மிலிந்தன் இவர்தான்) வெளியிட்ட வெள்ளிக்காசுகளில் ஒரு பக்கம் கிரேக்கத்தில் ‘பஸிலேயோஸ் ஸோத்தேரோஸ் மெனாந்த்ரூ’. மறுபக்கம் கரோஷ்டி எழுத்தில், பிராகிருத மொழியில் ‘மகாராஜஸ த்ராதாரஸ மெனம்த்ரஸ’. இரண்டும் ஒன்றே: காக்கும் அரசன் மெனாந்தருடைய. மூன்று சொல்லும் ஆறாம் வேற்றுமை. பிராகிருதத்தில் மூன்றுக்கும் ஒரே ‘ஸ’ உருபு. கிரேக்கத்தில் ‘ஓஸ்’, ‘ஓஸ்’, ‘ஊ’. உருபு மாறும் விதத்தை இவ்வளவு சிக்கனமாக எந்த வாய்பாடும் காட்டாது. 1830களில் கரோஷ்டி எழுத்தை யாராலும் வாசிக்க முடியாத நிலை. சார்ல்ஸ் மாசன் ஆப்கானிஸ்தானில் இத்தகைய காசுகளைத் திரட்டி, இரு பக்கப் பெயர்களும் ஒத்துப்போவதைக் கவனித்தார். கல்கத்தா நாணயசாலையில் இருந்த ஜேம்ஸ் பிரின்செப் அதைப் பிடித்துக்கொண்டு எழுத்துகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். அங்கே தெரிந்த பக்கம் கிரேக்கம், தெரியாத பக்கம் இந்திய மொழி. இன்று ஓர் இந்திய மாணவர் அதே காசைப் புரட்டி எதிர்த்திசையில் போகலாம்.

இந்த வழியின் குறையையும் சொல்லியாக வேண்டும். கல்வெட்டு ஒரே மாதிரிப் பேசும். அரசாணை, காணிக்கை, கல்லறை, கணக்கு என்று சில அச்சுகள்தாம். ‘நீங்கள் வந்திருந்தால் நான் போயிருப்பேன்’ போன்ற நிபந்தனை வாக்கியம் பானை ஓட்டில் வராது. ஓட்டை மட்டும் நம்பினால் ஹோமரும் சோஃபொக்ளீசும் எட்டாமலே போவார்கள். இலக்கண நூல் ஒன்று பக்கத்தில் இருந்தே தீர வேண்டும். உடைந்த கல்லில் இல்லாத எழுத்தைப் பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பியிருப்பார் என்பதையும் மறக்கக்கூடாது. 1931இல் லைடன் நகரில் வகுத்த முறைப்படி, சதுர அடைப்புக்குள் இருப்பது கல்லில் அழிந்துபோனது, எழுத்தின் கீழே புள்ளி வைத்தால் ஐயத்துக்குரியது. மைப்படி எடுத்துப் பழகிய நம் கல்வெட்டாளர்கள் இந்த எச்சரிக்கையின் மதிப்பை அறிவார்கள். அச்சில் தெளிவாகத் தெரிவதெல்லாம் கல்லில் இருந்ததல்ல.

பொருட்செலவு குறைவு. அமெரிக்காவின் பேக்கர்டு நிறுவனம் கிரேக்கக் கல்வெட்டுகளை ஊர்வாரியாகத் தேடிப் படிக்க இலவசமாக வைத்திருக்கிறது. கருங்கடலின் வடகரைக் கல்வெட்டுகளும், சிரீன் வட்டாரக் கல்வெட்டுகளும் படத்தோடும் மொழிபெயர்ப்போடும் தனித்தனியாக இணையத்தில் உள்ளன. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ரோமானியக் காசுகளைப் பார்க்கலாம். அவற்றிலுள்ளது லத்தீன் என்றாலும், வட்ட விளிம்பில் இடைவெளியின்றி ஓடும் எழுத்தை எங்கே தொடங்கி வாசிப்பது என்று கண் பழகும்.

இந்தியப் பெயர் கொண்ட ஒருவர் கிரேக்கத்தை முழுக்கக் கற்றதற்குக் கல்லிலேயே சான்று இருக்கிறது. 2004இல் வெளியிடப்பட்ட அந்தக் கல் ஆப்கானிஸ்தானின் பழைய காந்தகாரைச் சேர்ந்தது, கி.மு. இரண்டாம் நூற்றாண்டையொட்டியது என்கிறார்கள். அசோகர் தன் ஆணையைக் கிரேக்கத்திலும் அராமேயத்திலும் பொறித்துவைத்த அதே காந்தகார். அந்த ஆணை 1958இல் வெளியுலகுக்குத் தெரியவந்தது. புதிய கல்லில் பேசுபவர் சோஃபுதோஸ், தந்தை பெயர் நரதோஸ். சுபூதி, நாரதர் என்ற இந்தியப் பெயர்களின் கிரேக்க உருவாக இருக்கலாம் என்பது அறிஞர்கள் கருத்து. குடும்பம் நொடித்துப்போனது, சிறு வயதிலேயே கலையும் கல்வியும் கற்றார், பிறரிடம் கடன் வாங்கி வணிகத்துக்குப் புறப்பட்டார், பல நகரங்கள் சுற்றிப் பொருள் ஈட்டித் திரும்பினார், இடிந்த முன்னோர் இல்லத்தையும் கல்லறையையும் எடுத்துக் கட்டினார். இதை இருபது அடிகளில் கிரேக்க யாப்பில் பாடியிருக்கிறார். சொற்களில் பல அரியவை, ஹோமரும் அலெக்சாந்திரியப் புலவர்களும் கையாண்டவை. தேர்ந்த கிரேக்க அறிஞரும் அகராதியைத் திறக்காமல் முடிக்க மாட்டார்.

ஆனால் அந்தக் கல்லின் இடது ஓரத்தில் ஒவ்வோர் அடியின் முதல் எழுத்தும் தனி நெடுவரிசையாகவும் வெட்டப்பட்டிருக்கிறது. மேலிருந்து கீழாக இருபது எழுத்துகள்: ‘தியா சோஃபுதூ தூ நரதூ’. ‘தியா’ என்றால் மூலம். மற்றவை நரதோஸின் மகனான சோஃபுதோஸுடைய. இந்தக் கவிதை யாரால் ஆனது என்பதற்குக் கையொப்பம். டெல்டாவில் தொடங்கும் அந்த வரிசையில் ஆல்ஃபா, சிக்மா, ஒமேகா, ஃபை எல்லாம் வருகின்றன. பாட்டை விட்டுவிட்டு ஓரத்தை மட்டும் வாசிக்கலாம். எழுத்தும் ஆறாம் வேற்றுமையும் தெரிந்தவருக்கு அது முதல் வாரத்துப் பாடம்.